ஏழு சுற்றுக்குப் பிறகு

ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் நடக்கும் டிராஃப்ட்டில், அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் 32 அணிகள் ஏழு சுற்றுகளாகக் கல்லூரி வீரர்களைப் பொறுக்கி எடுக்கின்றன. ஏறத்தாழ 260 பேருக்கு இடம். சனிக்கிழமை மாலை கடைசிப் பெயரும் வாசித்தாகிவிட்டது. ஒரு இளைஞரின் பெயர் வரவில்லை. அமெரிக்கக் கால்பந்தில் அந்த இளைஞரின் பிழைப்பு அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

முதலில் தொலைபேசி. ஏழாம் சுற்றிலேயே அணிகளின் ஆட்கள் ஏஜென்ட்டுகளிடம் பேசத் தொடங்கிவிடுவார்கள். இங்கே இவருக்கு ஒரு வசதி உண்டு. தேர்வானவர் தன்னை எடுத்த அணிக்குத்தான் போக வேண்டும். இவரோ கூப்பிடுகிறவர்களில் ஒருவரைத் தானே தேர்ந்துகொள்ளலாம். கையெழுத்துப் பணத்தைப் பார்க்காமல், தான் ஆடும் இடத்தில் எந்த அணிக்கு ஆள் பற்றாக்குறை என்று பார்ப்பதே புத்தி. ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு. ஆனால் பெரும்பாலும் எந்த நாளும் வெளியே அனுப்பிவிடலாம்.

ஒரு அழைப்பும் வராதவருக்கு, மே மாதம் புதியவர்களுக்காக நடக்கும் வாரக்கடைசி முகாம் இருக்கிறது. ஒப்பந்தம் இல்லாமல் போய் ஆடிக் காட்டலாம். மால்கம் பட்லர் 2014இல் அப்படித்தான் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸில் நுழைந்தார்.

ஜூலை இறுதியில் பெரிய முகாம். 90 பேர் வருவார்கள். செப்டம்பர் ஆட்டங்களுக்கு 53 பேர்தான் மிஞ்ச வேண்டும். முதல் சுற்றில் வந்தவர் தவறு செய்தால் மறுபடி வாய்ப்பு வரும், அவர்மேல் பணம் போட்டிருக்கிறார்கள். தேர்வாகாதவருக்குப் பயிற்சியில் கிடைப்பதே சில முறைதான். ஆகவே அணியின் ஆட்டமுறைகள் அடங்கிய பிளேபுக்கைத் தலைகீழாகச் சொல்லும் அளவுக்குப் படித்திருக்க வேண்டும், தன் இடத்துக்கு மட்டுமல்ல, பக்கத்து இடத்துக்கும்.

அதைவிட முக்கியம் ஸ்பெஷல் டீம்ஸ். பந்தை உதைத்து அனுப்பியதும் முழு வேகத்தில் ஓடி, அதைப் பிடித்து வருபவரை வீழ்த்தும் வேலை. நட்சத்திரங்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. கேமரா பந்தோடு போய்விடும். ஓடியவர்களை நினைவில் வைத்திருப்பவர் அந்தப் பிரிவின் பயிற்சியாளர். ஐம்பதாவது, ஐம்பத்தொன்றாவது இடங்களுக்குப் பெயர் எழுதும்போது அவருடைய பேச்சு எடுபடும். இந்த ஓட்டத்தை இரண்டாந்தரமாக நினைக்கிற இளைஞரைக் கண்டால் எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது.

ஆகஸ்ட் இறுதியில் ஒரு காலை, அலுவலக ஆள் வந்து நிற்பார். “கோச் பார்க்கணுமாம். பிளேபுக்கையும் எடுத்துட்டு வா.” விலக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். அடுத்த 24 மணி நேரம் மற்ற 31 அணிகளில் எதுவும் அவரைக் கோரலாம். யாரும் கோராவிட்டால், பதினாறு பேர் கொண்ட பயிற்சிப் பட்டியலில் இடம் கிடைக்கலாம். 2024இல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் வாரத்துக்கு 12,500 டாலர். பிரதான அணியிலுள்ள புதியவருக்கு ஆண்டுக்கு 7,95,000 டாலர். பயிற்சிப் பட்டியலில் இருப்பவரை ஒரு பருவத்தில் மூன்று ஆட்டங்கள் வரை பிரதான அணிக்கு ஏற்றலாம்.

அதுவும் இல்லையென்றால் வேறு லீக். கர்ட் வார்னரை 1994இல் கிரீன் பே பேக்கர்ஸ் முகாமிலேயே விலக்கியது. ஐயோவாவில் சீடர் ஃபால்ஸ் ஊர் மளிகைக் கடையில் இரவு நேரம் அலமாரி அடுக்கினார், மணிக்கு 5.50 டாலர். பிறகு உள்ளரங்க லீக்கில் மூன்று பருவம், ஆம்ஸ்டர்டாமில் ஒன்று. 1999இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸின் முதல் குவார்ட்டர்பேக்குக்கு முழங்கால் போனது, வார்னர் இறங்கினார். அந்தப் பருவத்தில் 41 டச்டவுன் வீச்சுகள், மிகச் சிறந்த வீரர் விருது, இறுதிப்போட்டியான சூப்பர் பௌலில் வெற்றி.

மறுபடி பயிற்சிப் பட்டியலுக்கு வருவோம். அங்கே இருப்பவரின் அன்றாட வேலை, வரப்போகும் எதிரணியாக நடிப்பது. 2015 சூப்பர் பௌலுக்கு முந்தைய பேட்ரியட்ஸ் பயிற்சியில், எதிரணியான சியாட்டிலின் ஒரு ஆட்டமுறையை அப்படி நடித்துக் காட்டினார்கள். பட்லர் தாமதமாக வந்தார். ஜோஷ் பாய்ஸ் பந்தைப் பிடித்துவிட்டார். பிப்ரவரி 1, ஆட்டம் முடிய அரை நிமிடம்கூட இல்லை, பேட்ரியட்ஸ் 28, சியாட்டில் 24, எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம். சியாட்டில் அதே முறைக்கு அணிவகுத்து நின்றது. இந்தத் தடவை பட்லர் முந்திப் பாய்ந்து பந்தைப் பறித்தார். ஒத்திகையில் அவரை வென்ற பாய்ஸ், 2013 டிராஃப்ட்டில் நான்காம் சுற்றிலேயே தேர்வானவர். அன்று அவர் பயிற்சிப் பட்டியலில் இருந்தார்.