‘ரிப்பேர்’னு பேர் வெச்ச வாத்தியம்!

1964-ல் வந்த ‘ஸோர்பா தி கிரீக்’ படத்தில், கடற்கரை மணலில் ஆண்டனி க்வின் ஆட ஆட, மெதுவா ஆரம்பிச்சு வேகம் பிடிக்குமே ஒரு தந்தி இசை... அதுதான் புசூகி. கிரீஸ் என்றாலே இந்த வாத்தியம்தான் என்று உலகத்தையே நினைக்க வைத்த சத்தம்!

குடம், நீளக் கழுத்து, ஜோடி ஜோடியாக உலோகத் தந்திகள். எல்லாம் சரி, பேருக்கு என்ன அர்த்தம்?

அங்கேதான் தமாஷ். சொல்லின் வேர் கிரேக்க மொழியில் இல்லை, துருக்கியில்! ‘பொசுக்’ என்றால் துருக்கியில் உடைந்தது, கெட்டுப்போனது. லிஃப்ட் ஓடலையா... ‘பொசுக்’. சில்லறைக்கு ‘பொசுக் பாரா’, அதாவது உடைத்த காசு. ‘நூறு ரூபா நோட்டை உடைச்சா நிக்காது’ங்கறோமே, அதே கணக்கு! (நம்ம ‘பொசுக்குனு போச்சு’க்கும் இதுக்கும் உறவில்லை.)

வாத்தியத்துக்கு ஏன் இந்தப் பட்டம்? துருக்கியின் ‘ஸாஸ்’ வாத்தியத்தில் சுருதி சேர்க்கும் ஒரு முறைக்கு ‘பொசுக் துஸென்’ என்று பேர். அதுவே வாத்தியத்துக்கும் ஒட்டிக்கொண்டது என்பதுதான் பரவலான விளக்கம்.

பேருக்கேத்த மாதிரி உடைந்து போனவர்கள் கையில்தான் அது வளர்ந்தது. 1922-ல் ஸ்மிர்னா நகரம் எரிந்தது. 1923-ல் கிரீஸும் துருக்கியும் மக்களையே பண்டமாற்று செய்துகொண்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அகதிகளாக கிரீஸ் வந்தார்கள். பிரேயஸ் துறைமுகத்துச் சேரிகளில் ‘ரெபெட்டிகோ’ பாட்டு தழைத்தது. ஜெயில், கஞ்சா, காதல் தோல்வி, ஏழ்மை... எல்லாம் அதில் உண்டு. கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்த மார்கோஸ் வம்வகாரிஸ் புசூகியை மீட்டி அதன் பிதாமகர் ஆனார்.

பெரிய மனிதர்களுக்கோ இது ‘ரவுடிப் பசங்க வாத்தியம்’. 1936-ல் மெடாக்ஸாஸ் சர்வாதிகாரம் வந்ததும் பாட்டுக்குத் தணிக்கை, போலீஸ் கெடுபிடி. புசூகியை எங்கே ஒளிப்பது? அதன் குட்டித் தம்பி ‘பக்லமா’ கோட்டுக்குள் புகுந்துகொண்டது!

1949-ல் இசையமைப்பாளர் மானோஸ் ஹட்ஜிடாகிஸ் ஏதென்ஸில் மேடையேறி, ‘ரெபெட்டிகோ நம் மண்ணின் அசல் இசை’ என்ற ரீதியில் பேச, மேல்தட்டு அதிர்ந்தது. அவரே ‘நெவர் ஆன் சண்டே’ படப் பாட்டுக்கு 1961-ல் ஆஸ்கர் வாங்கினார். 2017-ல் யுனெஸ்கோ ரெபெட்டிகோவை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. போலீஸ் விரட்டிய பாட்டுக்கு ஐ.நா. சர்டிபிகேட்!

இன்று கிரீஸில் ‘புசூகியா’ என்றால் விடிய விடியப் பாட்டு நடக்கும் நைட் கிளப். ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுந்தால் பர்ஸில் மிஞ்சுவது...

‘பொசுக் பாரா’தான் சார்!