குகைக்குள் செல்ல எந்த டார்ச் வாங்கலாம்?

கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசசர், ராம், ஹார்ட் டிஸ்க் என ஒவ்வொன்றின் அளவையும் கேட்டு வாங்குகிறோம். டார்ச் லைட்டை மட்டும் ஒரு முறை எரியவிட்டுப் பார்த்து வாங்கி விடுகிறோம். வீட்டில் கரண்ட் போனால் அது போதும். மேகாலயாவில் உள்ளது போன்ற குகைகளுக்குள் செல்வோருக்கு அது போதாது. அங்கே டார்ச் அணைந்தால், வந்த வழி கூடத் தெரியாது.

2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களின் கால்பந்துப் பயிற்சியாளரும் சென்றனர். மழை வெள்ளம் வழியை அடைத்தது. ஜூலை 2-ல் தான் அவர்கள் கண்டுபிடிக்கப்பட்டனர். எல்லோரும் வெளியே வந்து சேர ஜூலை 10 ஆனது. எனவே குகைக்கான டார்ச் தண்ணீரைத் தாங்க வேண்டும். நீண்ட நேரம் எரியவும் வேண்டும்.

தண்ணீர்

"வாட்டர்புரூப்" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஐபிஎக்ஸ் என்ற எழுத்துகளுக்குப் பின் உள்ள எண்ணைப் பாருங்கள். 4 என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும், அவ்வளவுதான். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடங்கள் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். எவ்வளவு ஆழம் என்பதைத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருப்பார். குகைக்கு 7 அல்லது 8 தேவை. மூடியில் உள்ள ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருந்தால் இந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

வெளிச்சமும் நேரமும்

வெளிச்சத்தின் அளவு லூமென். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது டார்ச்சின் உச்ச வெளிச்சம். ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற தர விதிப்படி, எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்க அளவில் 10 சதவீதமாகக் குறையும் வரை உள்ள நேரம். எனவே "10 மணி நேரம்" என்றால், பத்து மணி நேரமும் முழு வெளிச்சம் கிடைக்கும் என்று பொருளல்ல. வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும் வசதி அவசியம். தொலைவில் பாயும் ஒளியை விட, காலடியையும் சுவரையும் ஒன்றாகக் காட்டும் அகலமான ஒளியே நடப்பதற்கு ஏற்றது.

பேட்டரி

பல டார்ச்களில் 18650 என்ற லித்தியம் அயான் செல் உள்ளது. 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்பதே இந்த எண்ணின் பொருள். பழைய லேப்டாப் பேட்டரிகளுக்குள் இருப்பதும் இதே செல்தான். இதில் 9,900 எம்ஏஎச் என்று அச்சிட்டு மலிவாக விற்றால் அது போலி, வாங்காதீர்கள்.

எத்தனை?

ஒவ்வொருவரிடமும் மூன்று விளக்குகள் இருக்க வேண்டும் என்பது குகை ஆய்வாளர்களின் விதி. முதல் விளக்கு ஹெல்மெட்டில் பொருத்துவதாக இருக்கட்டும். ஏறவும் தவழவும் இரு கைகளும் தேவைப்படும்.

வாங்கியதும் மூடியை இறுக்கி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். பின் நன்றாகத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு துளி ஈரம் இருந்தாலும் கடையில் திருப்பிக் கொடுத்து விடுங்கள்.