அட்டவணை வரிகளைப் பிரித்தலும் அடுக்குதலும்

நூல்நிலையத்தில் ஒரு நூல் இருந்தும், அதன் பெயர் அட்டவணையில் உரிய இடத்தில் இல்லையாயின், நாடிச் சென்ற மாணவனுக்கு அஃது இல்லாததற்கே ஒப்பாகும். ஆதலின் அட்டவணையை முறைப்படுத்துதல் சிறு தொழிலன்று. அதனைக் கணினிகொண்டு செய்யுமாற்றை ஈண்டுச் சுருக்கி விளக்கக் கருதுகின்றோம்.

நாம் எடுத்துக்கொண்ட கருவி ‘பெர்ல்’ என்னும் கணினிமொழி. மொழியியல் பயின்ற லாரி வால் என்னும் அமெரிக்கர் இதனை இயற்றி, 1987-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்டார். எழுத்துக் கோவைகளைத் துருவி வேண்டுவனவற்றைப் பிரித்தெடுப்பதில் இது மிக வல்லது.

நூலொன்றுக்கு ஒரு வரியாக, வரிசையெண், நூற்பெயர், ஆசிரியர் பெயர் என்பன நெடுங்கோட்டாற் பிரித்தெழுதப்பட்டுள்ளன எனக் கொள்வோம். ‘ஸ்ப்ளிட்’ என்னும் கட்டளை அவ்வரியைக் கோடுதோறும் துணித்து உறுப்புகளாக்கும். ஆயின், இக்கட்டளையில் நெடுங்கோட்டிற்கு ‘அல்லது’ என்பதே இயல்பான பொருள். அதன் முன் ஒரு பின்சாய்கோடு இட்டு, ‘இது வெறுங்கோடே’ என உணர்த்தாவிடின், வரி முழுதும் எழுத்தெழுத்தாக நறுக்கப்பட்டுவிடும். நாமும் முதன்முறை இங்ஙனமே இடறினோம்.

அடுத்தது அடுக்குதல். ‘ஸார்ட்’ என்னும் கட்டளை, வேறு முறை கூறாவிடின், எண்ணையும் எழுத்தாகவே ஒப்பிடும். அதனால் 95, 110, 1000 என்பன 1000, 110, 95 எனத் தலைகீழாக நிற்கும். முதலிலக்கமாகிய ஒன்று ஒன்பதற்கு முந்தியதன்றோ? எண்ணாக ஒப்பிடுதற்கெனத் தனிக்குறி உண்டு. ஆண்டு அதனையே வழங்கல் வேண்டும்.

தமிழ்ப் பெயர்களில் இடர் இன்னும் நுண்ணியது. நம் நெடுங்கணக்கில் னகரம் மெய்களுள் இறுதியது. யூனிக்கோடு எண்வரிசையிலோ அது நகரத்தை அடுத்துப் பகரத்திற்கு முன் நிற்கின்றது. அகராதியில் ‘பக்கம்’ முன்னும் ‘பகல்’ பின்னும் வரும். யூனிக்கோட்டில் புள்ளியின் எண் மெய்கள் யாவற்றின் எண்ணுக்கும் பிற்பட்டதாதலின் இவ்விரண்டும் இடம் மாறும். இதற்குப் பரிகாரமாக, பெர்லுடனேயே வழங்கப்பெறும் ‘யூனிக்கோடு கொலேட் லொக்கேல்’ என்னும் தொகுதியில் தமிழுக்குரிய வரிசையைக் கேட்டுப் பெறலாம்.

இப்பிழைகளுள் ஒன்றையேனும் கருவி தானாக அறிவியாது. தவறான அட்டவணையையும் செவ்வனே அச்சிட்டுத் தரும். அடுக்கும் வேலை அதனுடையது. இன்னது எண், இன்னது பெயர், இன்னது முறை எனத் தெரிந்து கூறுங் கடன் நம்முடையது. ஆதலின் மாணவர் முதற்கண் பத்து வரிகளைக் கையால் அடுக்கி, கருவி தந்த விடையோடு ஒப்பிட்டுக் காண்பாராக.