ஆற்றின் பிராணவாயுவும் முட்டத்தறை நிலையமும்

கோடையில் ஒரு லிட்டர் ஆற்று நீரில் கரைந்திருக்கக்கூடிய பிராணவாயு ஏறத்தாழ 8 மில்லிகிராம். ஒரு லிட்டர் நகரச் சாக்கடை நீரிலுள்ள அழுக்கைக் கிருமிகள் உண்டு தீர்ப்பதற்கோ சுமார் 200 மில்லிகிராம் தேவை. ஆகவே, ஆற்றில் விடப்படும் ஒரு குடம் சாக்கடை நீர், 25 குடம் ஆற்று நீரின் பிராணவாயுவைக் கவர்ந்துகொள்ளும். மீன்கள் மூச்சு முட்டி மடியும்.

இச்செயலை ஆற்றில் நிகழவிடாது தொட்டியிலேயே முடித்துவிடுவதுதான் சுத்திகரிப்பு. திருவனந்தபுரத்தின் சாக்கடை நீர் முன்னர் வலியதுறைப் பண்ணையில் தீவனப் புல்லுக்குப் பாய்ச்சப்பட்டு வந்தது. நகரம் பெருகவே அது போதாதாயிற்று. 2013-இல் முட்டத்தறையில் இயங்கத் தொடங்கிய நிலையம் நாளொன்றுக்கு 10 கோடியே 70 லட்சம் லிட்டர் நீரைத் தெளிவிக்கும் திறனுடையது.

கந்தலும் மணலும் முதலில் அகற்றப்படுகின்றன. பின்னர் நீரினுள் இடைவிடாது காற்றுச் செலுத்தப்படுகிறது. பாக்டீரியாக்கள் அழுக்கை உண்டு பெருகித் திரள்களாகின்றன. அடுத்த தொட்டியில் அவை அடியில் படிய, தெளிந்த நீர் மேலே வழிந்தோடுகிறது. படிந்த சேற்றில் ஒரு பகுதியை மீண்டும் காற்றுத் தொட்டிக்கே அனுப்புவர். அதிலுள்ள கிருமிகள் பசியோடிருப்பவை, உடனே வேலையில் இறங்கிவிடும்! மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் 1914-இல் வெளியிட்ட முறை இது.

ஆயினும், தன்னிடம் வந்து சேரும் நீரையே நிலையம் தெளிவிக்க இயலும். பாதாளச் சாக்கடைக் குழாய் எட்டாத பகுதிகள் நகரில் இன்னும் உள்ளன. அங்கே ஓடைகளில் விடப்படும் கழிவு கிள்ளியாற்றை அடைந்து, அதன் வழியே கரமனை ஆற்றில் கலக்கிறது. வீட்டு மலத்தொட்டிகளின் கழிவை லாரிகளில் கொணர்ந்தால் முட்டத்தறையில் ஏற்றுக்கொள்கின்றனர். அதனை இரவில் நீர்நிலையோரம் கொட்டிச் செல்வோரும் உண்டு.