மலைச் சைக்கிளின் ஃபோர்க்குக்கு எந்த எண்ணெய்?

கலிபோர்னியாவில், டமால்பைஸ் மலையை ஒட்டிய குன்றுகளின் மண்பாதைகளில், 1970-களில் பழைய சைக்கிள்களில் ஏறிப் பந்தயமிட்டு இறங்கிய இளைஞர்களுக்கு, செங்குத்தான இறக்கம் ஒன்று முடிந்ததும், பின்சக்கர பிரேக்கினுள் இருந்த கிரீஸ் உஷ்ணத்தால் கருகிப் போயிருக்க, ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸ் அடைப்பது தவிர்க்க முடியாத காரியமாயிருந்தது. உஷ்ணத்தின் முன் மசகு நிற்குமா என்ற கேள்வி மலைச் சைக்கிள் என்ற இந்த வாகனத்துடனேயே பிறந்தது எனலாம். 1989-இல் பால் டர்னர் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, காற்றும் எண்ணெயும் கொண்டு இயங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர், அக்கேள்வி முன்சக்கரத்துக்கும் வந்து சேர்ந்தது.

கல்லில் மோதும் சக்கரத்தின் சக்தியை ஸ்பிரிங்கோ, அடைபட்ட காற்றோ உள்வாங்கிக்கொள்கிறது; ஆனால் வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது அதன் சுபாவம். அந்தச் சக்தியை உஷ்ணமாக மாற்றும் பொறுப்பு, டேம்பர் என்னும் தணிப்பானுள் நுண்ணிய துவாரங்கள் வழியே பிதுங்கிச் செல்லும் எண்ணெயுடையது. ஃபோர்க் மெதுவாக அசையும்போது எதிர்ப்பு பெரும்பாலும் எண்ணெயின் பாகுத்தன்மையைப் பொறுத்தது. திடீரென அடி விழும்போதோ, துவாரத்தில் ஓட்டம் கொந்தளிப்பதால், அடர்த்தியே பிரதானமாகிறது. பாகு மிகுந்தால், ஒரு கல்லில் அமுங்கிய ஃபோர்க் அடுத்த கல் வருமுன் நிமிராமல், அடிக்கு அடி தாழ்ந்துகொண்டே போகும். குறைந்தால், சக்கரம் துள்ளித் தரையின் பிடியை இழக்கும்.

இங்கேதான் வாங்குபவர் ஏமாறுகிறார். புட்டியின் மேல் ‘5’, ‘10’ என்று அச்சிட்டிருக்கும் எடை எண்ணுக்கு, எஞ்சின் எண்ணெய்க்கு உள்ளது போன்ற பொதுவான நியமம் ஃபோர்க் எண்ணெயில் அனுசரிக்கப்படுவதில்லை. ஆகையால் ஒரு நிறுவனத்தின் ‘5’ மற்றொன்றின் ‘5’-ஐவிடக் கணிசமாகத் தடித்திருக்கக்கூடும். நம்பத்தக்க பிரமாணம், 40 டிகிரி செல்சியஸில் அளந்த சென்டிஸ்டோக்ஸ் என்னும் அளவே. 20 டிகிரியில் உள்ள தண்ணீருக்கு அது ஏறக்குறைய 1. அதனுடன் பார்க்க வேண்டியது பாகுக் குறியீட்டெண். உஷ்ணம் ஏறும்போது எண்ணெய் எவ்வளவு நீர்த்துப்போகிறது என்பதைக் காட்ட 1929-இல் வகுக்கப்பட்ட இம்முறையில், பென்சில்வேனியா எண்ணெய்க்கு 100 என்றும், அமெரிக்க வளைகுடாக் கரை எண்ணெய்க்கு 0 என்றும் நிர்ணயித்தார்கள். இந்த எண் உயர உயர, குளிர்ந்த காலையிலும் நீண்ட இறக்கத்தின் முடிவிலும் ஃபோர்க்கின் நடத்தை ஒரே சீராயிருக்கும்.

இன்னொரு விஷயம், ஒரே ஃபோர்க்கினுள் இரு வேறு எண்ணெய்கள் இருப்பது. அடியிலுள்ள போல்ட்டுகளைச் சில சுற்றுக்கள் தளர்த்தி, ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டிக் கீழ்க்கால்களை உருவினால், தூசும் தேய்மானமும் கலந்து சாம்பல் நிறமாகிவிட்ட எண்ணெய் சொட்டுச் சொட்டாக வடியும். அது டேம்பர் எண்ணெயன்று. புஷ்ஷுகளையும் சீல்களையும் ஈரமாக வைத்திருக்க ஊற்றப்படும் மசகு எண்ணெய். சாதாரணமாகச் சில மில்லிலிட்டரே தேவைப்படும் அதில், ஒட்டிப் பிடிக்கும் தன்மையே முக்கியம். ‘நிறைய ஊற்றினால் நல்லது’ என்று அளவை மீறினால், காற்றுக்கான இடம் குறுகி, ஃபோர்க் முழு தூரம் அமுங்காமல் நின்றுவிடும். கிளைகோல் சேர்ந்த பிரேக் திரவத்தையோ நைட்ரைல் ரப்பர் சீல்கள் தாங்கமாட்டா. ஆதலால் அதை அருகே கொண்டுவருவதே கூடாது.

ஆகவே, ஃபோர்க்கைப் பிரிக்குமுன் அதன் தயாரிப்பாளர் டேம்பருக்கும் கீழ்க்கால்களுக்கும் தனித்தனியே விதித்திருக்கும் எண்ணெயையும் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணெய் கிடைக்காவிட்டால், எடை எண்ணைப் பாராமல், 40 டிகிரியில் உள்ள சென்டிஸ்டோக்ஸ் ஒத்திருப்பதையே தேர்ந்தெடுங்கள்.