யாழ்ப்பாணத்திலிருந்து வளையத்தடிக்கு

பதுளை மாவட்டத்தில் ஹாலிஎலையைச் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளில் பெண் பிள்ளைகளின் விளையாட்டு என்றால் வலைப்பந்துதான். கூடைப்பந்துக்குப் பலகையும் சீமெந்துத் தரையும் வேண்டும். வலைப்பந்துக்கு ஓர் இரும்புக் குழாயும் வளையமும் போதும். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது இல்லை என்பதால் கரடுமுரடான தரையிலும் ஆடிவிடலாம். 1891இல் அமெரிக்காவில் பிறந்த கூடைப்பந்து, இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்களுக்காக மாறிய வடிவம் இது.

அன்று உயரமாக வளரும் பிள்ளையைப் பார்த்தால் லயத்தில் முதலில் எழும் கேள்வி, "இதுக்கு எங்கே போய் மாப்பிள்ளை தேடுறது?" என்பதுதான். கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளை கூனியே நடக்கும். யாழ்ப்பாணத்தில் 1979இல் பிறந்த தர்ஜினி சிவலிங்கமும் உயரத்துக்காகக் கேலி கேட்டு வளர்ந்தவர். அவருடைய உயரம் 2.08 மீற்றர். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன இடத்தில் வலைப்பந்து அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து தேசிய அணி.

அவர் ஆடுவதைப் பார்க்கவேண்டும். வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர். தர்ஜினி கையை உயர்த்தினால் விரலுக்கும் வளையத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட மிஞ்சாது. நடுக்களத்திலிருந்து பந்தை மேலே தூக்கிப் போடுவார்கள். எதிரணிக் காவலாளிகள் இருவர் எம்பினாலும் அது அவர்களின் தலைக்கு மேலால் அவர் கைக்கு வந்து சேரும். வந்தபின் 3 விநாடிக்குள் எறிந்தாகவேண்டும். உயரம் இருந்தால் போதும் என்று பலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். முதுகால் எதிராளியை மறித்து இடம் பிடிப்பதும், அடி பிசகாமல் பந்தை ஏந்துவதும் வருடக்கணக்கான பயிற்சி.

ஆனால் இலங்கையில் வலைப்பந்து ஆடி யாரும் பிழைக்கமுடியாது. வங்கியோ முப்படையோ வேலை கொடுக்கும். அவற்றின் அணிக்கு ஆடவேண்டும். தர்ஜினிக்கும் வங்கி வேலைதான் கைகொடுத்தது. ஆட்டத்தையே தொழிலாக்க அவர் அவுஸ்திரேலியாவுக்குப் போகவேண்டியிருந்தது. மெல்பேர்னில் சிட்டி வெஸ்ட் பால்கன்ஸ் அணிக்கு அவர் ஆடப் போனபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மற்ற வீராங்கனைகள் ஓய்வை யோசிக்கும் வயது அது.

2009இல் ஆசியக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். அடுத்த கிண்ணத்துக்கு நாடு ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தது. 2018இல் சிங்கப்பூரை அதன் சொந்த மண்ணில் 69க்கு 50 என்று வென்றபோதும் வளையத்தடியில் நின்றவர் தர்ஜினிதான். மறு ஆண்டு லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும்விட அதிக கோல் போட்டார். 2022 செப்டம்பர் 11 அன்று மீண்டும் ஆசியக் கிண்ணம். எரிபொருள் வரிசையில் நாடு நொந்து கிடந்த ஆண்டில், அதே நாளில் கிரிக்கெட் அணியும் ஆசியக் கிண்ணம் வென்றது. 2023இல் கேப்டவுன் உலகக் கிண்ணத்தில் 44 வயதில் ஆடி விடைபெற்றார்.

இன்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர் "தர்ஜினி அக்கா". உயரமான பிள்ளையைக் கண்டால் ஆசிரியை தானாகவே கோல் வட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறார். வீட்டிலும் முன்போல் முணுமுணுப்பதில்லை. இந்த மாற்றம் எனக்குப் பெரிய சந்தோஷம்.

உயர்தரம் முடிந்த கையோடு பிள்ளைகளின் ஆட்டம் நின்றுபோவதுதான் இன்னும் மாறவில்லை. மாகாண மட்டம் வரை ஆடிய பிள்ளை கொழும்புக்கு ஆடைத் தொழிற்சாலைக்கோ கடைக்கோ போகிறாள். பந்தைத் தொடுவதே இல்லை. வங்கி அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்கள் கொழும்புப் பாடசாலைகளோடு நிற்காமல் பதுளை வின்சன்ட் டயஸ் மைதானத்துக்கும் வரட்டும். பாடசாலைப் போட்டி நாளாகப் பார்த்து வந்தால் போதும், தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே ஆடிக்கொண்டிருப்பார்கள்.