நெற்றி வழியே மூளைக்குள் ஓர் ஒளி

நீலகிரியின் அவலாஞ்சி கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 2,000 மீட்டர் மேலே இருக்கிறது. சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜன்தான் அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும். மலைக்காரர்களின் உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது; அறுவை சிகிச்சையிலோ மயக்க மருத்துவர் கூடுதல் ஆக்சிஜன் கொடுத்துவிடுகிறார். ஆனால் ரத்தத்தில் ஏறிய ஆக்சிஜன் மூளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது தனிக் கேள்வி. நீலகிரியில் இது கூடுதல் கவலைக்குரியது. சிக்கிள் செல் மரபணு இந்தியாவில் இருப்பதை ஆய்வாளர்கள் லேமானும் கட்புஷும் 1952இல் முதன்முதலாகக் கண்டு அறிவித்தது இந்த மலைப் பழங்குடியினரிடம்தான். சிக்கிள் செல் நோய் உள்ளவர்களுக்குத் திசுவில் ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணுக்கள் அரிவாளாக வளைந்து நுண்குழாய்களை அடைத்துக்கொள்ளும். விரல்நுனி எண்ணை மட்டும் நம்பி அவர்களுக்கு அறுவை செய்வது போதாது என்றே சொல்வேன்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், ஜப்பானின் டகுவோ அவோயாகி 1970களில் தந்த கொடை. நாடி துடித்தால்தான் அது வேலை செய்யும். தமனி ரத்தத்தை மட்டுமே சொல்லும். இதய-நுரையீரல் இயந்திரம் ஓடும்போது நாடியே இருக்காது. 1977இல் ஆய்வாளர் யோப்சிஸ் வேறு வழி காட்டினார்: 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான அகச்சிவப்பு ஒளி தோலையும் மண்டையோட்டையும் கடந்து மூளையின் மேற்பரப்பைத் தொடுகிறது. நெற்றியில் ஒட்டும் பட்டையில் ஓர் ஒளிமூலம், சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு உணரிகள். அருகிலுள்ளது பெரும்பாலும் தோலையும் எலும்பையும் பார்க்கும், தூரத்திலுள்ளது ஆழத்தையும் சேர்த்துப் பார்க்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் மூளையின் கணக்கு மிஞ்சும். அங்குள்ள ரத்தத்தில் சிரை ரத்தமே அதிகம் என்பதால் 60-80 சதவீதம் இயல்பு. நோயாளியின் தொடக்க அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் மருத்துவர் கழுத்து திரும்பியிருக்கிறதா, ரத்த அழுத்தம் விழுந்ததா, ஹீமோகுளோபின் போதுமா என்று வரிசையாகத் தேடுவார்.

இந்த நெற்றிப் பட்டையால் உயிர் பிழைக்கிறதா என்று கேட்பவர்கள் வலுவான சான்றோடுதான் கேட்கிறார்கள். மிகக் குறைமாதத்தில் பிறந்த சுமார் 1,600 குழந்தைகளிடம் நடந்து 2023இல் வெளியான சோதனையில், இந்த அளவீட்டை வைத்துச் செய்த சிகிச்சை மரணத்தையோ மூளைச் சேதத்தையோ குறைக்கவில்லை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அது பிறந்த முதல் சில நாள்களின் கதை. மருத்துவர் அருகிலேயே நின்று உடனே திருத்தக்கூடிய அறுவை அரங்குக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. கறுத்த தோலில் விரல் ஆக்சிமீட்டர் தவறக்கூடும் என்று 2020இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த ஐயம் நெற்றிப் பட்டைக்கும் உண்டு. அதனால்தான் ஒற்றை எண்ணைவிட இறக்கத்தை நம்பச் சொல்கிறேன்: அறுவையின் நடுவே நெற்றியின் நிறம் மாறுவதில்லை.